பெயர் சொல்லாமல் போட்ட இலை

"நீதான் சிலோன்லேர்ந்து வந்து தங்கிகினு இருக்கிற பொண்ணா?" என்று கேஸ் சிலிண்டர் போட வந்தவன் ஒருநாள் தேவிப்பிரியாவைக் கேட்டான்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அம்மாவின் பழைய நைட்டியைப் போட்டுக்கொண்டு, அம்மாவின் தோளோடு தோள் உரச உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தவள் நிரோஜா. சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றவள் தேவி. நிரோஜா சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். அம்மா சிரித்ததைத்தான் தேவியால் மறக்க முடியவில்லை.

முத்தியால்பேட்டையில் வெல்டிங் பட்டறைக்கு மேலே இருந்த அந்த மாடி வீட்டில், ஆறு மாதத்துக்கு முன்புவரை தேவியும் அம்மா முத்தம்மாளும் மட்டும்தான். அப்பா போய் நாலு வருஷம் ஆகிறது. நிரோஜா படகில் தனுஷ்கோடிக்கு வந்து, அகதி முகாமில் கிடந்து, வேலை தேடிப் புதுச்சேரிக்கு வந்தவள். மீன் கடையில் கூடமாட ஒத்தாசைக்கு வைத்துக்கொண்ட அம்மா, "பொட்டப் புள்ள, எங்க போயி படுக்கும்?" என்று ஒருநாள் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டாள். முதலில் 'மாமி' என்றவள் இப்போது 'அம்மா' என்கிறாள். மீனில் நடுத்துண்டு அவளுக்கு. தூக்கத்தில் அலறி எழுகிறாள் என்று அம்மாவுக்குப் பக்கத்துப் படுக்கையும் அவளுக்கு. தேவி தன் பாயை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

அறையில் அப்பாவின் படத்துக்கு எதிர்ச் சுவரில் நிரோஜா ஒரு படம் வைத்திருந்தாள். பள்ளிக்கூடச் சட்டை போட்ட பதினேழு வயதுப் பையன். அவளுடைய அண்ணன். இப்போது அவளைவிடச் சின்னவனாகத் தெரிந்தான். அந்தப் படத்தின் பக்கம் ஒரு பூவைக்கூட அவள் கொண்டுபோக மாட்டாள். ஒருமுறை அம்மா வெள்ளிக்கிழமைச் சந்தனத்தை எடுத்துப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம் அம்மா. அது செத்தவைக்கு."

படுக்கையில் அவள் அம்மாவிடம் சொன்னதெல்லாம் தேவியின் காதிலும் விழுந்தது. "பாலத்துக்கு அங்கால ஆமிக்காரங்கள் அண்ணாவின்ர பேரை எழுதிக்கொண்டு பஸ்ஸில ஏத்தினவங்கள். விசாரிச்சுப்போட்டு விடுவம் எண்டவங்கள். சனமெல்லாம் பாத்துக்கொண்டுதான் நிண்டது. இப்ப அதே சனம் சொல்லுது, செத்துப்போனான் எண்டு நினை பிள்ளை எண்டு. அப்பிடி நினைச்சா அவைக்கு நித்திரை வரும்."

அம்மாவின் கை அவள் தலையைத் தடவும் சத்தம் இருட்டில் கேட்டது. தேவி போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். அந்தப் பையனின் பெயர் என்னவென்று ஆறு மாதத்தில் ஒரு தடவைகூட அவள் கேட்கவில்லை.

மகாளய அமாவாசை அன்று நிரோஜாவை அகதிகள் பதிவு ஆபீசுக்கு வரச்சொல்லியிருந்தார்கள். அம்மா விடியலிலேயே சமைத்து முடித்துவிட்டு அவளோடு கிளம்பினாள்.

"அப்பாவுக்குப் படைக்க வேணாமாம்மா?"

"நீயே படைச்சிடு தேவி. உன் கையால போட்டா உங்கப்பன் கோச்சிக்கவா போறாரு? நான் இல்லன்னா இது ஆபீசுல வாயே தொறக்காது."

இது. அம்மா அப்படித்தான் சொன்னாள், தன் வயிற்றில் பிறந்ததைச் சொல்வதுபோல.

பட்டறை லீவு. தெருவில் சத்தமில்லை. உச்சிவேளையில் தேவி மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் காக்கைக்குச் சோறு வைத்துக் கூப்பிட்டாள். காக்கைகள் வந்தன. ஆனால் ஒன்றுகூடச் சோற்றில் வாய் வைக்கவில்லை. கரண்டுக் கம்பியில் வரிசையாக உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, அவளைத் தாண்டி அறை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தன.

அப்பாவுக்கு இலை போட்டு, சோறும் பூசணிக்காய்க் கூட்டும் வாழைக்காய் வறுவலும் வடையும் வைத்து, செவ்வந்திச் சரம் சாத்தினாள். சரத்தில் ஒரு முழம் மிச்சமிருந்தது. கையில் சந்தனம் காயாமல் இருந்தது. எதிர்ச் சுவரில் அந்தப் பையன். இவன் வருவான் என்று காத்துக் கிடப்பதால்தானே நிரோஜா ராத்திரியெல்லாம் அலறி அம்மாவை ஒட்டிக்கொண்டிருக்கிறாள்? இவன் செத்தவன் என்று ஆகிவிட்டால் அழுதுவிட்டு ஊருக்குப் போய்ச் சேரட்டும்.

அவன் நெற்றியில் பொட்டு வைத்தாள். பூவைச் சுற்றினாள். கீழே இரண்டாவது இலை. படைக்கும்போது பெயர் சொல்லி அழைக்க வேண்டும். பெயர் தெரியவில்லை.

"பஸ்ல ஏறிப் போனவங்க, வந்து துன்னுட்டுப் போங்க" என்றாள்.

பிறகு வழக்கப்படி கதவைச் சாத்திவிட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்தாள். வந்தவர்கள் கூச்சமில்லாமல் சாப்பிட வேண்டும் என்பதற்காகக் கொஞ்ச நேரம் யாரும் உள்ளே போகக் கூடாது. அவர்கள் எழுந்து போக வேண்டும் என்பதற்காகக் கதவை மூன்று முறை தட்டிவிட்டுத்தான் திறக்க வேண்டும். நாலு வருஷமாக அப்பாவுக்குச் செய்வதுதான். நாலு வருஷமாக உள்ளே ஒரு சத்தமும் கேட்டதில்லை.

முதலில் வாடை வந்தது. கதவிடுக்கு வழியாக, வெயிலில் காய்ந்த களிமண்ணும் உப்புத் தண்ணீரும் டீசலும் கருகிய பனையோலையும் கலந்து, சாம்பிராணியை மெல்ல மெல்ல விழுங்கிக்கொண்டு. அப்புறம் தரையில் துணி உரசும் சத்தம். ஒருவர் உட்காருகிறார். பக்கத்தில் இன்னொருவர். இடம் விட்டு நகர்ந்து, முழங்காலை மடக்கி, இன்னும் ஒருவர், இன்னும் ஒருவர், பந்திக்கு ஆள் வந்து அமர்வதுபோல அவசரமில்லாமல் வந்து அமர்ந்துகொண்டே இருந்தார்கள். பத்துக்குப் பத்து அறை அது.

தண்ணீர்ச் சொம்பு தரையில் இழுபட்டது.

மென்று விழுங்கும் சத்தம். நிறைய வாய்கள்.

தேவி எழுந்தாள். கதவை மூன்று முறை தட்டினாள்.

சத்தம் நின்றது. ஆனால் யாரும் எழுந்திருக்கவில்லை.

மறுபடி தட்டினாள். மறுபடி.

காலி இலையை விரல்கள் வழித்தன. கதவுக்கு அந்தப் பக்கம், அவள் முகத்துக்கு நேராக, ஒரு கிழவியின் குரல் மிகவும் மரியாதையாகக் கேட்டது.

"பிள்ளை, இன்னும் கொஞ்சம் சோறு இருக்கோ? ஆக்கள் கூடிப்போச்சு."

தேவி ஓரடி பின்னுக்கு வந்தாள். படியில் செருப்புச் சத்தம். அம்மாவும் நிரோஜாவும். அம்மா மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டே வந்தாள். "ஏண்டி பேயறைஞ்ச மாரி நிக்கிற? படைச்சிட்டியா?"

"தொறக்காத" என்றாள் தேவி. "தட்டிட்டு... தட்டினாலும் போவல."

நிரோஜா தலையைத் திருப்பினாள். அந்த வாடை அவளுக்குத் தெரிந்திருந்தது. தட்டாமல் கதவைத் தள்ளினாள்.

நடுப்பகல் வெளிச்சம் அறை முழுக்க இருந்தது. தரையே தெரியவில்லை. வரிசை வரிசையாகக் குந்தியிருந்தார்கள். கிழவிகள். கைக்குழந்தைக்காரிகள். முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லாதவர்கள். உடம்பெல்லாம் சேறு. எல்லாருடைய நெற்றியிலும் சந்தனப் பொட்டு, ஈரம் காயாமல்.

அப்பாவின் இலையும் காலியாக இருந்தது.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். "ரெண்டு எலை ஏண்டி போட்ட?" என்றாள். "யாருக்குடி போட்ட?" தேவி அவள் கையைப் பிடிக்கப் போனாள். அம்மா கையை இழுத்துக்கொண்டாள்.

நிரோஜா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். நிதானமாக, முதல் வரிசை, இரண்டாவது வரிசை. சுவரோரம் வந்ததும் நின்றாள். பள்ளிக்கூடச் சட்டை.

"அண்ணா" என்றாள்.

அவன் அவளைப் பார்க்கவில்லை. தன்னைச் சாப்பிடக் கூப்பிட்டவளைத்தான் பார்த்தான். மெதுவாக வலது கையைத் தேவியை நோக்கி நீட்டினான். அவன் நீட்டியதும் பின்னாலிருந்தவர்களும் நீட்டினார்கள். சேறு படிந்த உள்ளங்கைகள். அறை நிறைய.

நிரோஜா அழவில்லை. சுவரிலிருந்த படத்தையும் எடுக்கவில்லை. திரும்பினாள். அம்மாவையும் தேவியையும் தாண்டிப் போய், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். தேவி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். அவளோடு வேறு யாரும் இறங்கிப் போகவில்லை.