நான்காம் கவுன்ட்டர்

"இந்தம்மா நகர்றதுக்குள்ள என் விசாவே முடிஞ்சிரும்..."

பின்னாலிருந்து வந்த முணுமுணுப்பு சுத்தமான தமிழில் இருந்தது. கவுன்ட்டர்க்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவள் மெல்லத் திரும்பினாள்.

"தமிழ் எனக்கும் தெரியும் சார்."

அவன் முகத்தில் அசடு வழிந்தது. தூக்கம் கெட்ட கண்கள்... ஆனாலும் சிரிக்கிற கண்கள். அதையெல்லாம் ரசிக்கிற நிலையிலா அவள் இருந்தாள்?

குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட இந்த நாட்டுக்கு வந்த பொறியாளர் அவள். வேலை முடிய இன்னும் எட்டு மாதம். பிசினஸ் விசா முடிய ஒன்பதே நாள். நீட்டிப்புக்காக மூன்றாம் முறையாக வந்திருக்கிறாள். முதல் முறை போட்டோ சரியில்லை. அடுத்த முறை கம்பெனி லெட்டரில் முத்திரை இல்லை. இன்று முத்திரை இருக்கிறது. அது கையெழுத்தின் மேலே விழுந்துவிட்டதாம்.

நாளை வரச் சொல்லிவிட்டுக் கவுன்ட்டர்க்காரர் சாப்பிடப் போனார்.

வாசலில் மழை. போனில் அண்ணன்.

"விசா கிடைக்கலைன்னா நல்லதாப் போச்சு, கிளம்பி வா. மாப்பிள்ளை வீட்டுல எத்தனை நாள் காத்திருப்பாங்க?"

"குழாயில இன்னும் தண்ணியே வரலண்ணா. பாதியில எப்படிப் போட்டுட்டு வர்றது?"

அண்ணன் பட்டென்று வைத்துவிட்டான். பக்கத்தில் அந்த முணுமுணுப்புக்காரன் ஒதுங்கி நின்றிருந்தான். ஆஸ்பத்திரிகளில் ஸ்கேன் மெஷின் பொருத்துகிறவனாம்.

"சாரிங்க... நாளைக்கு ரெண்டு லெட்டரா கொண்டாங்க. ஒண்ணுல முத்திரை மேல, ஒண்ணுல கீழ. பிடிச்சதை அவரே எடுத்துக்கட்டும்."

"உங்க உதவி ஒண்ணும் வேணாம்."

"உதவியெல்லாம் இல்லைங்க. நீங்க போனாத்தானே என் முறை வரும்..."

சிரிப்பை அவள் உதட்டுக்குள்ளேயே கடித்து வைத்தாள். ஆனால் மறுநாள் இரண்டு லெட்டரோடுதான் வந்தாள்.

அன்று விரல்ரேகை மெஷின் பழுது. அடுத்த நாள் அதிகாரி லீவு. அதற்கடுத்த நாள் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டது. தினமும் ஒரே பெஞ்சில் இருவரும் உட்கார்ந்து அந்த ஆபீஸைத் திட்டித் தீர்த்தார்கள். திட்டுவதற்கு இவ்வளவு நல்ல துணை கிடைக்குமென்று அவள் நினைக்கவே இல்லை...

ஐந்தாம் நாள் அவள் பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்தது. எட்டு மாதம். சந்தோஷமாகப் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள். அவன் இல்லை. ஒரு மணி நேரம் காத்திருந்தாள். எரிச்சல் தலைக்கேற வெளியே வந்தால், எதிரே பஸ் நிறுத்தத்தில் நனைந்தபடி நிற்கிறான்.

"உள்ள வராம இங்க என்ன பண்றீங்க?"

"நேத்து நீங்க போனப்புறம் கம்ப்யூட்டர் எழுந்துச்சு. உடனே என்னோடதை ரிஜெக்ட் பண்ணிட்டாங்க. ஞாயித்துக்கிழமை ஊருக்குக் கிளம்பறேன்."



"அப்புறம் இன்னைக்கு எதுக்கு வந்தீங்க?"

"உங்களுக்குக் கிடைச்சதான்னு... முகத்தைப் பாத்தாத் தெரியுமே. பாத்துட்டுப் போயிடலாம்னுதான்."

"சொல்லாமலே?"

"சொல்லி என்னங்க ஆகப்போகுது? உங்களுக்கு இங்க வேலை. அங்க மாப்பிள்ளை ரெடி. நடுவுல நான் எதுக்கு, விசாவும் இல்லாம..."

"இந்த ஆபீஸ்தான் வாயைத் திறந்து ஒழுங்கா எதையும் சொல்லாதுன்னா, நீங்களுமா?" அவள் குரல் உடைந்தது. "ஊருக்குப் போனதும் எங்கண்ணனைப் போய்ப் பாருங்க."

"பாத்து?"

"எட்டு மாசத்துல வந்துடுவேன். எனக்குப் பிடிச்சவரைத்தான் கட்டிக்குவேன்னு சொல்லுங்க."

"யாரு அவருன்னு கேப்பாரே..."

அவள் கண்களை அவன் அப்போதுதான் நேராகப் பார்த்தான். மழை இருவரையும் நனைத்துக்கொண்டிருந்தது.

"அவருக்கு எதிர்ல நிக்கிறவரை நல்லாப் பாக்கச் சொல்லுங்க" என்றாள்.