நடுக்கண்

பாலத்துக்குக் கீழ்ப்புறம் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. மேல்புறமோ ஏறிக்கொண்டிருந்தது.

பாலத்தின் மேல் நின்ற ஓவர்சியர் அர்ச்சுனன் முகத்தைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தான். எமர்ஜென்சி முடிந்த மறுவருஷம் ஜவ்வாது மலைக் காட்டாற்றின் குறுக்கே கட்டிய, தண்ணீர் போக மூன்று கண் விட்ட பாலம் அது. தூண்கள் வெள்ளத்தை மறித்தால் மேல்புறத் தண்ணீர் எவ்வளவு உயரும் என்று மதிப்பிட்டவனே அவன்தான். அரை அடி, மிஞ்சிப்போனால் முக்கால் அடி. அந்தத் தைரியத்தில்தான் மேல்கரையில் தகரக் கொட்டகை போட்டு, மனைவி அம்சவல்லியையும் கூட்டி வந்து குடிவைத்திருந்தான். இப்போது வித்தியாசம் ஓர் ஆள் உயரம் இருந்தது. கொட்டகையின் கதவு பாதி முழுகிவிட்டது. அம்சவல்லி முன்னமே மேட்டுக்குப் போயிருப்பாள் என்று நினைத்தான்.

மழை எப்போதோ விட்டிருந்தது. நனைந்த புளிய மரங்களின் வாடையும் சேற்று வாடையும் இருட்டிக்கொண்டு வந்த மாலைக்காற்றில் கலந்து வர, அவற்றுக்கும் அடியில், கறிக்கடை மரக்கட்டையைக் கழுவிவிட்ட மாதிரி ஒரு கவிச்சை மூக்கில் ஏறியது.

"கண்ணு அடைச்சிக்கிச்சா, வேடியப்பா?"

வேடியப்பன் பாலத்தின் காவல்காரன், மலைக்காரன். கைப்பிடிச் சுவர் தாண்டி எட்டிப் பார்த்தான். "ரெண்டு கண்ணு நல்லாத்தான் கீது சார். நடுக்கண்ணுலதான் இன்னாவோ மாட்டிக்கினு கீது. மரமா இருக்கும். குத்தி வுட்டா போய்டும்."

கடப்பாரையோடு தூணின் மேட்டில் இறங்கிக் குத்தினான். மரத்தில் படும் சத்தம் வரவில்லை.

"மெத்துனு கீது சார்." மறுபடி குத்தினான். "சார், இன்னா இது... கடப்பாரய உள்ள யாரோ புடிச்சி இஸ்க்கிறாங்க சார்."

அர்ச்சுனனுக்குச் சிரிப்புகூட வந்தது. அதற்குள் வேடியப்பனின் முகம் தூணில் மோதியது. ஒரு முறை. இரண்டாம் முறை. பற்கள் சிதறின. ஆள் உள்ளே போய்விட்டான்.

அர்ச்சுனன் பாலத்தின் மறுபக்கம் ஓடினான். கண்ணுக்குள் போனது வெளியே வந்துதானே ஆகவேண்டும்? தண்ணீர்தான் வந்தது. சிவப்பாக. காலடியில் கான்கிரீட் அதிர்ந்தது. எலும்பு நொறுங்குவது உள்ளங்காலில் தெரிந்தது.

"இன்னாங்க!"

அம்சவல்லி கொட்டகைக் கூரைமேல் நின்றாள். கூரை ஆடியது. மேல்புறம் ஓடி வந்து, வேலைக்கு வைத்திருந்த கயிற்றை எடுத்து, பதைபதைத்து வீசினான். பிடித்துக்கொண்டாள்.

"உயிரே போனாலும் கைய வுடாத அம்சா!"

"வுட மாட்டங்க!"

கூரை சரிந்தது. வெள்ளம் அவளைப் பாலத்துக்கு இழுத்து வந்தது. அவனும் இழுத்தான். உள்ளங்கை உரிந்தது. தோள் எலும்பு விட்டுப்போயிற்று. இழுத்தான். அவள் முகம் வந்துவிட்டது. இன்னும் ஒரு முழம். மூக்குத்தி தெரிந்தது.

"கால இன்னாவோ கடிக்குதுங்க."

முகம் கீழே போனது.

கயிறு விறைத்தது. அறுபடவில்லை. அலறல் தண்ணீருக்குள் கேட்டது. அப்புறம் அதுவும் இல்லை.

கயிறு இலேசாயிற்று. மடமடவென்று இழுத்தான். அம்சா, அம்சா என்று அழுதுகொண்டே இழுத்தான்.

முனை மேலே வந்தது. மணிக்கட்டு வரை இரண்டு கைகள். கயிற்றை விடவில்லை. விரல்கள் இன்னும் இறுகிக்கொண்டிருந்தன.