தபாலில் போன சீர்

கொடியில் காயும் மஞ்சள் துணிகளுக்கு அடியில் குனிந்து போக மனமில்லாமல், பொன்னாத்தாள் மாட்டுக் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். போகும்போதே பேச்சு தொடங்கிவிட்டது. மருமகளைப் பார்த்து அல்ல, செவலை மாட்டைப் பார்த்து.

"ஊரா ஊட்டுப் பொண்ணுகளுக்கெல்லாம் சீர் கட்டித் தபால்ல தாட்டி உடறாங்களாமா... இந்த ஊட்டுல பொறந்தவளுக்கு அனுப்புன சீரு என்ன லச்சணத்துல போச்சுன்னு நீயாச்சும் கேளு."

மாடு சோளத்தட்டை மென்றது. உள்ளே நாச்சம்மாள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். காதில் விழாதது போல இருப்பது அவளுக்குப் பழக்கம். மீனாட்சிபுரத்துக்கு மருமகளாக வந்து அவள் முதலில் கற்றுக்கொண்ட வேலையே அதுதான்.

அவள் முன்னால் மூடி போட்ட பனையோலைப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. தீபாவளி நெருங்கிவிட்டது. பிலாய், பம்பாய் என்று தொலைவில் கட்டிக்கொடுத்த பெண்களுக்குத் தாய்வீட்டுச் சீரை நேரில் கொண்டுபோக முடியாதவர்கள் அவளிடம்தான் வந்து சொல்வார்கள். அவள் பெட்டி கட்டித் தபாலில் அனுப்புவாள். மஞ்சள் கொம்பு, குங்குமம், ரவிக்கைத் துணி, கருப்பட்டி, சொந்தக் காட்டு நிலக்கடலையில் பிடித்த உருண்டை. கண்ணாடி வளையல்களை மட்டும் பொரிக்குள் புதைத்து வைப்பாள். வழியில் பொரி வளையலைக் காக்கும். போய்ச் சேர்ந்ததும் அந்த வீட்டுப் பிள்ளைகள் பொரியைத் தின்று தீர்க்கும். இதை நினைத்தால் அவளுக்குச் சிரிப்பு வரும். யாரோ ஒரு குழந்தை, எந்த ஊரிலோ, வாய் நிறையப் பொரியோடு.

கடைசியாகப் பெட்டியைக் காடாத் துணியில் பொதிந்து தைத்து, தையலில் அரக்கு வைப்பாள். அந்தக் காடாவைத்தான் மஞ்சள் நீரில் முக்கி வேப்பமர நிழலில் காயவிடுவாள். வெயில் பட்டால் மஞ்சள் வெளுத்துவிடும்.

வெள்ளைத் துணியில் தைக்கக் கூடாது என்பதை அவள் பட்டுத்தான் தெரிந்துகொண்டாள்.

போன வருஷம் தைப்பொங்கல். நாத்தனார் காளியாத்தாளுக்குக் கல்யாணமாகி வந்த முதல் பொங்கல். மூணாறில் பூண்டு மண்டி வைத்திருக்கும் குடும்பத்தில் கொடுத்திருந்தார்கள். முதல் பொங்கல் சீரை அண்ணன்தான் கொண்டுபோய்த் தங்கையின் கையில் கொடுக்க வேண்டும். ஆனால் அந்த அண்ணன், நாச்சம்மாளின் புருஷன் கந்தப்பன், காளை முட்டிக் கால் முறிந்து மாவுக்கட்டோடு கிடந்தான். கடலையும் அந்த வருஷம் காய்க்கவில்லை. சீரே போகாமல் இருப்பதைவிடத் தபாலிலாவது போகட்டும் என்று நாச்சம்மாள்தான் சொன்னாள். கடையில் வாங்கிய புதுக் காடாவை அப்படியே போட்டுத் தைத்தாள். பார்சல் என்றால் எல்லாரும் அப்படித்தானே தைக்கிறார்கள். அதற்குமேல் அவளுக்கு யோசனை ஓடவில்லை.

வாழப் போன பெண்ணுக்கு வெள்ளைத் துணி சுற்றிச் சீர் வந்தது. காளியின் மாமியார் வாசலிலேயே தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாளாம். பூண்டு லாரிக்காரர் வந்து சொல்லித்தான் இங்கே தெரிந்தது. கால் சரியானதும் கந்தப்பன் போய் மண்டியில் காத்து நின்றான். மாப்பிள்ளை நஞ்சப்பன் காப்பி வாங்கிக் கொடுத்து, "அம்மா மனசு ஆறட்டும் மச்சான்" என்று அனுப்பிவிட்டார். காளியும் வரவில்லை, ஒரு வார்த்தையும் வரவில்லை.

அடுத்த சித்திரையில் மாரியம்மன் நோன்புக்குத் துணி எடுக்கும்போது, நாச்சம்மாளின் அரக்குப் பட்டு துணிப் பெட்டியில் இல்லாததைப் பொன்னாத்தாள் பார்த்தாள். நாச்சம்மாளின் செத்துப்போன அப்பன் பொள்ளாச்சியில் எடுத்துக் கொடுத்த பட்டு அது. "பொறந்த ஊட்டுக்குத் தாட்டி உட்டுட்டியா?" என்று கேட்டாள். நாச்சம்மாள் தலை குனிந்து நின்றாள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து பொன்னாத்தாள் அவளிடம் நேராகப் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள்.

கிணற்றடியிலிருந்து திரும்பிய பொன்னாத்தாள் இன்று வாசற்படியில் நின்றாள். நேராகவே பேசினாள்.

"நாச்சா. காளிக்கு மாசம் ஏழு ஆகுதாமா. யாரோ சொல்லித்தான் எனக்கே தெரியுது. பெத்தவ நான்... வளையல் போட்டுக் கூட்டியாரக்கூட எனக்குக் கொடுப்பினை இல்ல." வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். "எம்பொண்ணு இந்தப் படி ஏற முடியாம நிக்கறா. நீ இங்க ஒக்காந்து அடுத்தவ பொண்ணுக்கு வளையல் அடுக்கறே. பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியுது. இந்தப் பொட்டி யாவாரம் நமக்கு வேண்டாம்."

நாச்சம்மாள் ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தினாள்.

வெளியே கறந்த பாலைச் சொசைட்டிக்குக் கொண்டுபோகக் கிளம்பிய கந்தப்பன் அங்கேயே நின்றுவிட்டான். "ஏனாத்தா, அவ என்ன வேணும்னா பண்ணுனா..."

"நீ சும்மா இரு. உங்காலு ஒடிஞ்சதுலதான் எல்லாம் வந்துச்சு."

நாச்சம்மாள் தைத்து முடித்த பெட்டியின் மீது உள்ளங்கையை வைத்திருந்தாள். அவள் செய்தது என்று ஊர் பெயர் சொன்ன ஒரே பொருள் அதுதான். சமைத்த சோறு வீட்டுச் சோறு, கறந்த பால் வீட்டுப் பால். இதை மட்டும் 'நாச்சம்மா பொட்டி' என்றார்கள். ஆனால் வாசலில் நிற்பவளின் கண்ணில் நீர் தளும்பியது. அது பொய்யில்லை.

"சரிங்க அத்தை," என்றாள். "இந்தத் தீபாவளிக்குச் சொன்னவங்களுக்கு மட்டும் தெச்சுக் குடுத்தர்றேன். அப்பறம் வேண்டாமுங்க."

இவ்வளவு சுலபமாகச் சம்மதம் வரும் என்று பொன்னாத்தாள் எதிர்பார்க்கவில்லை போலும். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கொஞ்ச நேரத்தில் பக்கத்துத் தோட்டத்துக் குப்பண்ணன் வந்தார். பிலாயில் இருக்கும் மகளுக்குப் பெட்டி சொன்னவர்.

"என்ன அம்மிணி, நம்ம பொட்டி ரெடியா? போன தடவை மருமகன் பொட்டியப் பிரிக்கறதுக்குள்ள கடலை உருண்டை பாதி காணாமப் போச்சாமா. இந்தத் தடவை அவருக்குத் தனியா ஒரு பொட்டி தெச்சு, மேல பூட்டுப் போட்டுரு."

"பூட்டுப் போட்டா தபாலாபீஸ்ல வாங்க மாட்டாங்கண்ணா."

"அப்ப உருண்டைய எச்சா வெய்யி. வேற வழி?"

அவள் சிரித்தாள். இதுதான் கடைசி என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. தைத்த பெட்டியை எடுத்துக் கொடுக்க எழுந்தபோது, அவர் தெருப் பக்கம் திரும்பி, "அதாரு, உங்க ஊட்டுக்கு ஒறம்பரை வருதாட்ட இருக்குது," என்றார்.

பொள்ளாச்சி பஸ் நிற்கும் பக்கமிருந்து இரண்டு பேர் வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் தோளில் பூண்டு மூட்டையோடு நஞ்சப்பன். பின்னால், ஒரு கையை இடுப்பில் ஊன்றி மெதுவாக அடியெடுத்து வைக்கும் காளியாத்தாள். அவள் கட்டியிருந்தது அரக்குப் பட்டு.

நாச்சம்மாள் பெட்டியைக் குப்பண்ணன் கையில் திணித்துவிட்டு நின்றாள். சத்தம் கேட்டு வந்த பொன்னாத்தாள் மருமகளைத் தாண்டி ஓடினாள். மகளின் முகத்தைத் தொட்டாள், வயிற்றைத் தொட்டாள், தோளைத் தொட்டாள். தோளில் கிடந்த முந்தானை கையில் பட்டதும் அந்தக் கை அங்கேயே நின்றுவிட்டது.

"இது... நாச்சாளோட சீலைதானே?"

"ஆமா ஆத்தா." காளியாத்தாள் அண்ணியைப் பார்த்தாள். கொங்கு வழக்கப்படி அவளை நங்கை என்றுதான் கூப்பிடுவாள். "நங்கே, என்ன மன்னிச்சுக்கோங்க..."

"உள்ள வா கண்ணு. மொதல்ல ஒக்காரு," என்றாள் நாச்சம்மாள்.

"நின்னே சொல்றேன். இத்தன நாளு உங்களப் பத்தி மனசுக்குள்ள என்னென்னமோ நெனச்சேன். எழவு ஊட்டுக்குத் தெக்கற மாதிரி எனக்குத் தெச்சு உட்டாங்களேன்னு... அந்தப் பொட்டிய யாரும் பிரிக்கவே இல்லீங்க. எங்க அத்தை அதைத் தொடக் கூடாதுன்னு மண்டிப் பரண்ல தூக்கிப் போட்டுட்டாங்க. போன வாரம் பக்கத்து ஊட்டு அக்காளுக்கு, பொறந்த ஊடு இருக்கற கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு சீர் வந்துச்சு. மஞ்சத் துணியில தெச்சு, வளையலெல்லாம் பொரிக்குள்ள வெச்சு. அத்தை ஒண்ணொண்ணா எடுத்துப் பார்த்துட்டு, ஆரு கட்டுனதுன்னு கேட்டாங்க. மீனாட்சிபுரம் நாச்சம்மா பொட்டின்னு அந்தக்கா சொல்லுச்சு."

அவள் மூச்சு வாங்கினாள். நஞ்சப்பன் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு மீதியைச் சொன்னார்.

"அம்மா நேரா மண்டிக்கு வந்து, ஏணி போட்டு அவங்களே அந்தப் பொட்டிய எறக்கித் தையலப் பிரிச்சாங்க. முறுக்கெல்லாம் பூத்துப் போயிருந்துச்சு. கருப்பட்டி உருகிருச்சு. ஆனா வளையல் ஒண்ணுகூட ஒடையல. சின்னாளப்பட்டிச் சீலைக்கு அடியில இந்தப் பட்டு. தெரியாமப் பண்ணுன தப்ப நான் பெருசாக்கிட்டேன், போயி உன்ர நங்கையப் பாருன்னு அம்மாதான் அனுப்புனாங்க. பிரசவம் முடியற வரைக்கும் இங்கயே இருக்கட்டும்னும் சொன்னாங்க."

"சின்னப் புள்ளையில இந்தச் சீலைய உங்க பொட்டியிலிருந்து திருடிக் கட்டிப் பார்ப்பேனே, நெனப்பிருக்கா நங்கே?" காளி முந்தானையைத் தடவினாள். "அதைப் போயி எனக்கு..."

அவள் நாச்சம்மாளின் தோளில் சாய்ந்து அழுதாள். பட்டில் பூண்டு மணம் தூக்கலாக அடித்தது. முந்தானையோரத்தில் கருப்பட்டி ஒழுகிய கறை. நாச்சம்மாள் அவள் முதுகைத் தடவிக்கொண்டே அந்தக் கறையைப் பார்த்தாள்.

"தொவைச்சாப் போயிரும் கண்ணு."

"வேண்டாம். இருக்கட்டும்."

பொன்னாத்தாள் இன்னும் அந்த இடத்திலேயே நின்றாள். ஒரு மலிவான சின்னாளப்பட்டிச் சீலையை மட்டும் வைத்துத் தன் மகளுக்குச் சீர் போகிறதே என்று அந்தப் பொங்கலில் அவள் அழுதிருந்தாள். அது அவளுக்கு இப்போது ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"நான் வாய்க்கு வந்தபடி கேட்டனே... அப்பவாச்சும் சொல்லியிருக்கலாமில்ல, நாச்சா?"

"கட்டுன சீலையச் சீர்ல வெச்சுட்டேன்னு நீங்க வருத்தப்படுவீங்கன்னு இருந்துச்சுங்க அத்தை. அதுவுமில்லாம, சீர்ல வெச்சதப் போயி சொல்லிக் காட்டறதுங்களா?"

பொன்னாத்தாளின் முகம் கோணியது. கை மட்டும் எழுந்து, மருமகளின் கன்னத்தைத் தொட்டு, அங்கேயே இருந்தது. கந்தப்பன் பால் கேனைச் சங்கடத்தோடு கை மாற்றிக்கொண்டான். குப்பண்ணன் தன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். கொட்டகையில் செவலை மாடு தட்டை முறித்துக்கொண்டிருந்தது.

பிறகு பொன்னாத்தாள் வாசலில் இறங்கினாள். கொட்டகையைச் சுற்றிக்கொண்டு போகவில்லை. மஞ்சள் துணிகளுக்கு அடியில் குனிந்து நுழைந்து, ஒன்றை உருவிக் கையில் வைத்துப் பார்த்தாள்.

"இதுக்கு மஞ்ச பத்தாது," என்றாள். "சம்பந்தியம்மாளுக்கு ஒரு பொட்டி தைக்கோணும். துணிய நான் முக்கித் தர்றேன்."

"அப்ப பொட்டி யாவாரம் வேண்டாம்னு சொன்னீங்களே, ஆத்தா?" என்றான் கந்தப்பன்.

"பால் திரியறதுக்குள்ள சொசைட்டிக்குப் போயிச் சேருடா."

குண்டானில் மீதமிருந்த மஞ்சள் நீரில் இன்னொரு கைப்பிடி மஞ்சள் தூளைப் போட்டுக் கலக்கி, அவள் துணியை அமுக்கினாள். முழங்கை வரை மஞ்சள் ஏறியது. வாசற்படியில் காளியாத்தாள் ஒரு பெட்டியைத் திறந்து பொரியை அள்ளித் தின்றுகொண்டிருந்தாள். நாச்சம்மாள் அதைப் பார்த்தும் பார்க்காதது போல, விட்ட இடத்திலிருந்து ஊசியை எடுத்தாள்.