மூன்று மணி ஒத்திகை

ருக்சானா ஸ்கூட்டியை வேப்ப மரத்தடியில் நிறுத்தியபோது மணி மூன்றாகப் பத்து நிமிடம் இருந்தது. நெய்வேலி டவுன்ஷிப்பின் அந்தப் பழைய பிளாக்கில் ஆள் நடமாட்டம் அற்றுப்போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது. இடிக்கப் போகிறோம் என்று சொல்லிக் குடும்பங்களைக் காலி செய்திருந்தார்கள். கதவும் ஜன்னலும் பெயர்க்கப்பட்ட குவார்ட்டர்ஸ்கள் வரிசையாக நின்றன. அந்த வரிசையின் கடைசியில் ஒரு மகளிர் மன்றக் கட்டடம் மட்டும் கதவோடும் பூட்டோடும் மிச்சமிருந்தது.

ருக்சானாவுக்குப் பயிற்சி கொடுப்பதற்காக எழில்மதி ஒரு மாதத்துக்கு என்று எழுதிக் கொடுத்து அதன் சாவியை வாங்கி வைத்திருந்தார். டவுன்ஷிப்பிலேயே பிறந்து வளர்ந்தவர் அவர். சென்னையில் நாடகப் பள்ளி ஒன்றில் படித்து, பதினோரு வருடமாக நடிப்பையே தொழிலாகக் கொண்டவர். போன வருடம் ருக்சானா அதே பள்ளியின் தேர்வுக்குப் போய் முதல் சுற்றிலேயே திரும்பி வந்திருந்தாள். 'குரல் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது' என்று அவளுடைய தாளில் எழுதியிருந்தார்கள். இந்த வருடத் தேர்வுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

ருக்சானா அத்தா என்று கூப்பிடும் அவள் அப்பா தாஜுதீன், மந்தாரக்குப்பத்தில் சுரங்கத் தொழிலாளர்களுக்கு சேஃப்டி ஷூவும் ஹெல்மெட்டும் விற்கும் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னாலேயே வீடு. உம்மா இறந்த பிறகு அங்கே அவர்கள் இரண்டு பேர்தான். எழில்மதி முதல் தடவை கடைக்கு வந்தபோது தாஜுதீன் நேராகவே கேட்டுவிட்டார்.

"மூணு வருஷம் படிச்சா அப்புறம் என்னங்க வேல? பர்மனென்ட்டா?"

"பர்மனென்ட்லாம் கிடையாதுங்க. எல்லாமே கான்ட்ராக்ட்தான். நாடகக் குழு, டப்பிங், ஸ்கூல்ல டிராமா டீச்சர். ஆனா வேலை இருக்கு."

தாஜுதீன் சிரித்தார். "எங்கடைக்கு வர்றவங்களும் முக்காவாசி கான்ட்ராக்ட்தானுங்களே. சரி, இந்த ஒரு தடவ போவட்டும். அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க."

தேர்வில் ஐந்து நிமிடத்துக்குத் தனியாக நடிக்க வேண்டிய பகுதியை எழில்மதியே எழுதியிருந்தார். நிலம் சுரங்கத்துக்குப் போன பிறகு, ஒரு பெண் சுரங்கத்தின் விளிம்புக்கு வந்து அங்கே நிற்கும் காவலாளியிடம் தன் வீட்டைக் கேட்கிறாள். அவ்வளவுதான் கதை.

"ஐயா, என் வூடு எங்கங்க? இங்கதான் இருந்துச்சு. கெணத்துப் பக்கத்துல, முருங்க மரத்தோரமா..."

ருக்சானா சொல்லி முடித்ததும் எழில்மதி தலையை ஆட்டினார். "மறுபடியும் தொண்டையில நிக்குது. கீழ படு. கண்ணை மூடு. மூச்சை வயித்துல இருந்து எடு." அவர் பக்கத்தில் உட்கார்ந்து தொப்புளுக்கு மேலே உள்ளங்கையை வைத்து மெல்ல அழுத்தினார். "இந்த இடம். என் கையைத் தள்ளு பாப்போம்."

அந்தப் பயிற்சியைத் தினமும் செய்தார்கள். நான்காம் நாளும் ருக்சானா அப்படியே கண்ணை மூடிப் படுத்திருந்தாள். மன்றத்துக்குள் மூடிக் கிடந்த அறைக்குரிய புழுக்கம். தரையின் குளிர்ச்சி மட்டும் முதுகுக்கு இதமாக இருந்தது. வயிற்றில் இருந்த கையை அவள் மூச்சால் தள்ளினாள். கை உயர்ந்து, தாழ்ந்து, உயர்ந்தது. எங்கிருந்தோ ஈர மண்ணின் வாசம் வந்தது. புதுக் கிணறு வெட்டும்போது அடியிலிருந்து கிளம்புமே, அந்த வாசம்.

கை ஜில்லென்று இருந்தது. இவ்வளவு வெயிலில் எழில்மதி அக்காவுக்கு மட்டும் எப்படி இப்படிக் கை குளிர்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அப்போது வெளியே, வேப்ப மரத்தடியிலிருந்து எழில்மதியின் குரல் கேட்டது. யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"ஆமாம்ப்பா, சிக்னல் உள்ள கிடைக்கல, அதான் வெளிய வந்தேன்..."

ருக்சானாவின் மூச்சு நின்றது.

கை நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தியது, மூச்சு எங்கே என்று தேடுவதுபோல.

அவள் அலறிக்கொண்டு எழுந்தாள். கூடத்தில் யாரும் இல்லை. சுடிதாரின் வயிற்றுப் பக்கத்தில் கறுப்பாக ஈரம் பட்டிருந்தது. தொட்டுப் பார்த்தாள். மண்.

ஓடி வந்த எழில்மதி மேலே அண்ணாந்து பார்த்தார். "கூரை ஒழுகியிருக்கும்" என்றார். மழை பெய்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. அது இருவருக்கும் தெரியும். ஆனால் தேர்வுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. அவர்கள் அதைப் பற்றி மேற்கொண்டு பேசவில்லை.

அதைவிட ஓர் ஆச்சரியம் உடனே நடந்தது. அன்று அதற்குப் பிறகு ருக்சானா வசனத்தைச் சொன்னபோது குரல் அடிவயிற்றிலிருந்து வந்தது. கூடம் முழுக்க நிறைந்தது. எழில்மதி கைதட்டிவிட்டார்.

"இதத்தாண்டி நான் இத்தனை நாளா கேட்டேன்!"

ஒத்திகையைப் பதிவு செய்துகொள்வது ருக்சானாவின் வழக்கம். ஆறாம் நாள் போனைக் கூடத்திலேயே மறந்துவிட்டுக் கிளம்பியவர்கள், எழில்மதியின் குவார்ட்டர்ஸில் டீ குடிக்கும்போது நினைவு வந்து திரும்பிப்போய் எடுத்து வந்தார்கள். முக்கால் மணி நேரம் கடந்திருந்தது. பதிவு அதுவரை ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது.

மறுநாள் மத்தியானம் அத்தா சாப்பிட உள்ளே போனார். கடையில் உட்கார்ந்திருந்த ருக்சானா இயர்போனை மாட்டிக்கொண்டு கேட்கத் தொடங்கினாள். முதலில் அவள் குரல். பிறகு எழில்மதியின் திருத்தங்கள். பிறகு கதவு சாத்தும் சத்தம், பூட்டுச் சத்தம், ஸ்கூட்டி கிளம்பும் சத்தம். அப்புறம் வெறும் அமைதி. அதை நிறுத்தப் போனாள்.

"ஐயா..."

கரகரத்த ஒரு குரல். பேசிப் பல நாள் ஆனவர்களுக்கு இருக்கும் குரல்.

"ஐயா, என் வூடு... எங்கங்க."

பிறகு மறுபடியும் முதலிலிருந்து. இந்தத் தடவை கரகரப்பு குறைந்திருந்தது. எழில்மதி சொல்லித் தந்த அதே இடத்தில் மூச்சு எடுத்தது. தப்பினால் நிறுத்தி, திரும்பத் தொடங்கியது. பத்துத் தடவை, பதினைந்து தடவை. ஒவ்வொரு தடவையும் குரல் இளமையாகிக்கொண்டே வந்தது.

ஓரிடத்தில் மட்டும் அது வசனத்தை மாற்றியது. கெணத்துப் பக்கத்துல என்பதை அது ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

"கெணத்தாண்ட" என்றது. "கெணத்தாண்டதான் இருந்துச்சு."

பதிவின் கடைசி நிமிடத்தில் ஒலித்தது ருக்சானாவின் குரலேதான். வித்தியாசம் அவளுக்கே தெரியவில்லை.

எழில்மதி அதைப் பாதி வரை கேட்டுவிட்டு இயர்போனைப் பிடுங்கி எறிந்தார். "அது என்னன்னு எனக்குத் தெரிய வேணாம். உனக்கும் வேணாம். இனிமே அந்தப் பக்கம் போகக் கூடாது. நம்ம குவார்ட்டர்ஸ் மொட்டை மாடியில பண்ணிக்கலாம். சாவியைத் தேர்வு முடிஞ்சதும் குடுத்துடறேன்." பதிவையும் தன் முன்னாலேயே அழிக்கச் சொன்னார்.

மொட்டை மாடியில் குரல் வரவில்லை.

முதல் நாளும் வரவில்லை, இரண்டாம் நாளும் வரவில்லை. காற்றில் கரைந்து, தொண்டையிலேயே நின்று, போன வருடம்போலவே ஆகிவிட்டது. எழில்மதி கோபப்படவில்லை, அதுதான் ருக்சானாவை இன்னும் வதைத்தது. கடையில் அத்தா வருகிறவர்களிடம் எல்லாம், "பாப்பா செலக்‌ஷனுக்குப் போவுதுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

தேர்வுக்கு முந்தின நாள், எழில்மதி சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்த நேரம், ருக்சானா ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

மன்றத்தின் கதவைத் திறந்ததும் அந்த ஈர மண் வாசம் முகத்தில் அடித்தது. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று வந்தது. வாசற்படியைத் தாண்டக் கால் வரவில்லை. அங்கேயே நின்று, கதவைப் பிடித்துக்கொண்டு, இருட்டைப் பார்த்துப் பேசினாள்.

"நீங்க யாருன்னு எனக்குத் தெரியாதுங்க. எனக்குக் குரல் வர மாட்டேங்குது."

தூரத்தில் சுரங்கத்தில் வெடி வைத்த அதிர்வு, தரை வழியாக வந்து பாதத்தில் தொட்டுவிட்டுப் போனது.

"நாளைக்கு மட்டும்..." அவள் கதவை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "எங்கூட வாங்க."

கூடத்தின் மூலையில் யாரோ நீளமாக மூச்சை இழுத்தார்கள். வயிற்றிலிருந்து, சரியான முறையில்.

அவள் கதவைக்கூடச் சாத்தாமல் ஓடினாள். ஸ்கூட்டியைக் கிளப்பியபோது பின்னால் எடை கூடியதுபோல் வண்டி தாழ்ந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. மந்தாரக்குப்பத்தில் கடை வாசலில் வந்து நின்ற பிறகுதான் பார்த்தாள். பின் சீட்டில் ஒன்றுமில்லை. அத்தா ஒருவருக்கு ஷூ போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். ஒன்றுமே நடக்காததுபோல அவள் அவரைத் தாண்டி வீட்டுக்குள் போனாள்.

எழில்மதியிடம் அவள் எதையும் சொல்லவில்லை.

மறுநாள் விடியற்காலை பஸ்ஸில் இருவரும் சென்னைக்குக் கிளம்பினார்கள். மத்தியானம் இரண்டரைக்கு அவள் பெயரை அழைத்தார்கள். அவள் மேடையில் ஏறினாள். எதிரே நான்கு பேர் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார்கள். அவள் கண்ணை மூடி, அந்தக் குளிர்ந்த கைக்காகக் காத்திருந்தாள்.

வரவில்லை.

"ஆரம்பிக்கலாம்மா" என்றார் ஒருவர்.

கை வரவேயில்லை. மண் வாசமும் இல்லை. அந்தப் பரந்த மேடையில் அவள் ஒருத்திதான் நின்றாள். அது தெரிந்த கணத்தில், பத்து நாளாக அடக்கி வைத்திருந்த பயமெல்லாம் அடியிலிருந்து பொங்கி வந்தது. வாயைத் திறந்தாள். "ஐயா, என் வூடு எங்கங்க?" கேட்டது அவளுடைய சொந்தக் குரல்தான். கடைசி வரிசை நாற்காலி வரை போய்த் திரும்பியது. நான்கு பேனாக்களும் நின்றுவிட்டன. முடித்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள்.

நான்கரை மணிக்குப் பட்டியலை ஒட்டினார்கள். மூன்றாவது பெயர் அவளுடையது. எழில்மதி நடுத்தெருவிலேயே அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "உன் குரல்டி அது, முழுசா உன் குரல்!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ருக்சானாவுக்கும் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. அது வரவில்லை. கூப்பிட்டும் வரவில்லை. தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டே அத்தாவுக்குப் போன் போட்டாள்.

"அத்தா! செலெக்ட் ஆயிட்டேன் அத்தா!"

"என்ன பாப்பா இது, உள்ள இருந்துக்கினே போன் பண்ற?" தாஜுதீன் சிரித்தார். "காலையிலயே முடிஞ்சிடுச்சா? நீ எப்போ வந்த, அதுவே எனக்குத் தெரியல. கடையில கும்பலு. மூணு மணிலருந்து உள் ரூம்ல பேசிக்கினு இருக்கியே, சரி, கலைக்க வேணாம்னுதான் வுட்டுட்டேன்."

ருக்சானா எழில்மதியின் பிடியிலிருந்து விலகினாள்.

"அத்தா. நான் சென்னையில இருக்கேன்."

"என்னாது? சரியா கேக்கல பாப்பா."

"உள்ள போவாதீங்க அத்தா. வெளிய வந்துடுங்க. கடையை வுட்டு வெளிய வாங்க!"

எதிர்முனையில் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது ஓய்ந்ததும், கடைக்குப் பின்னாலிருந்து, திரைச்சீலையைத் தாண்டி ஒரு குரல் தெளிவாகக் கேட்டது. அவளுடைய குரல். அவளைவிட இதமாக, அவளைவிடச் செல்லமாக.

"அத்தா..."

அந்த வார்த்தையை மன்றத்தில் அவள் ஒரு நாளும் சொன்னதில்லை.

"வூட்டுக்கு வந்துட்டேன் அத்தா. இங்க வாங்க."

"இதோ வந்துட்டேன்மா" என்றார் தாஜுதீன். போனைக் கண்ணாடி மேசைமேல் வைக்கும் சத்தம் கேட்டது. ருக்சானா தெருவில் நின்று கத்தினாள். அவருடைய செருப்புச் சத்தம் ஒவ்வோர் அடியாகத் தள்ளித் தள்ளிப் போய் நின்றது.

பிறகு, உள்பக்கத்திலிருந்து யாரோ அந்த உள் ரூம் கதவின் கொண்டியை விலக்கினார்கள்.