வெளிச்சம் வரும் பக்கம்

படத்தைத் தலைகீழாகத் திருப்பியும் பார்த்தாயிற்று. நிலவின் அந்தப் பள்ளம் அப்போதும் மேடாகவே தெரிந்தது.

நிலவில் விண்கல் விழுந்த பள்ளங்களின் விளிம்பைக் கணினியில் கோடிட்டுக் கொடுப்பது அவள் வேலை. கண்ணை நம்பினால் பிழைப்பு நாறிவிடும். வெயில் மேலிருந்து விழுவதாகவே கண் நினைத்துக்கொள்ளும். கீழிருந்து விழுந்த படமானால் குழி கொப்புளமாக வீங்கித் தெரியும். ஒரு திருப்பு திருப்பினால் சரியாகிவிடும். இந்தச் சனியன் மட்டும் சரியாகவில்லை. சிதறிய புழுதி சுற்றிலும் கீற்றுக் கீற்றாகப் படிந்திருக்க, நடுவில் யாரோ இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருப்பது போலவே இருந்தது.

"அம்மா, இங்க ஒரே புழுதியா இருக்கு," என்றாள் மகள் உள்ளறையிலிருந்து. காய்ச்சலில் கிடந்தாலும் வாய் ஓயாத வாயாடி.

"ஜன்னல் சாத்தித்தானே இருக்கு. பேசாம தூங்குடி."

இருட்டத் தொடங்கும் நேரத்தில் மின்சாரம் போயிற்று. மின்விசிறி இழுத்து இழுத்து ஓய்ந்தது. அது ஓய்ந்த பிறகும் மகளின் மூச்சுச் சத்தம் கேட்கவில்லை என்பது மெல்ல உறைக்க, அணைந்த தீக்குச்சியின் வாடை ஒன்று கதவிடுக்கு வழியே வந்து அவள் தொண்டையில் உட்கார்ந்துகொண்டது. பிள்ளை விழித்துவிடக் கூடாதே என்று செல்போன் டார்ச்சைத் தாழப் பிடித்தபடி உள்ளே போனாள்.

போர்வைக்குள் சுருண்ட சின்ன மேடு. போன உயிர் திரும்பி வந்தது.

காலடியில் ஏதோ நறநறத்தது. கட்டிலைச் சுற்றிச் சாம்பல் நிறப் புழுதி, கீற்றுக் கீற்றாக. வேண்டாம், வேண்டாம் என்று மனம் அடித்துக்கொண்டது. பழகிய கை கேட்கவில்லை. டார்ச்சை மேலே தூக்கியது.

மேடு குழியாயிற்று.

தாழ்த்தினாள். மேடு. தூக்கினாள். குழி.

"கண்ணு... அம்மாகிட்ட பேசும்மா."

குனிந்து கையை வைத்தாள். துணி தட்டுப்படவில்லை. கை முழங்கை வரை இறங்கியது. தோள் வரை. எலும்பைக் கடிக்கும் குளிர். எங்கோ ஆழத்தில், சின்ன விரல்கள் அவள் விரலைப் பற்றிக்கொண்டன.

"அம்மா, நான் கீழ இருக்கேன்."

டார்ச் கைநழுவிக் கட்டிலோரம் சாய்ந்தது. வெளிச்சம் கீழிருந்து. அவள் கை புதைந்திருந்த இடத்தில், போர்வைக்கடியில் இருந்த மேடு அவள் பக்கமாக மெல்லப் புரண்டு படுத்தது.