தொண்ணூற்றொன்பது சதவீதம்!

"ஐயோ... ஏஞ்சல்!"

அரிமளத்துப் பல் ஆஸ்பத்திரியே அதிரும்படி அலறினாள் ஃபெமினா.

நான்கு வயது மகளின் உதடுகள் நீலம் பாரித்திருந்தன. சொத்தைப் பல்லைப் பிடுங்க மயக்க மருந்து கொடுத்து இருபது நிமிடம்தான்!

மணி பதினொன்று பத்து.

பதினொன்றே காலுக்கு ஆம்புலன்ஸ் பறந்தது...

புதுக்கோட்டை. ஐ.சி.யூ. கதவுக்கு வெளியே அவள் மட்டும்.

பின்னாலேயே காரில் வந்த பல் டாக்டர் கோபிநாத், நாலு பேர் காதில் விழும்படி சொன்னார்.

"வெறும் வயித்தோட கூட்டிட்டு வாங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். பால் குடுத்திருக்காங்க. மூச்சுக்குழாய்ல ஏறிருச்சு!"

"சத்தியமா இல்ல சார்! அவ பாத்தா கேப்பான்னு நானே பச்சத்தண்ணி குடிக்கல!"

யார் நம்பினார்கள்? பக்கத்தில் இருந்தவள்கூட நகர்ந்து உட்கார்ந்தாள்.

குவைத்திலிருந்து போன். கணவன் சார்லஸ்.

"புள்ள அழுதுச்சுன்னு பால் குடுத்திருப்ப... ஒன்னைய எனக்குத் தெரியாதா?"

"என்னங்க இப்படிச் சொல்றீங்க...?"

லைன் கட்.

பாவி மனுஷன்! சாய்ந்து அழ ஒரு தோள்கூட இல்லை அவளுக்கு. சுவரில் சாய்ந்து அழுதாள்.

மணி மூன்று. பூட்ஸ் சத்தம்...

ஐ.சி.யூ.விலிருந்து தகவல் போய், அரிமளத்தில் விசாரித்துவிட்டு வந்த சப்-இன்ஸ்பெக்டர் கலைமதி! கூடவே, வெலவெலத்துப் போய்ப் பல் ஆஸ்பத்திரி உதவியாளர் செவந்தி.

"டாக்டர்... புள்ள விரல்ல கிளிப் மாட்டி ஆக்சிஜன் பாத்தீங்களா?"

"பின்ன? நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது! மெஷின்ல ரிக்கார்டே இருக்கு."

"இருக்கு சார். கையோட எடுத்துட்டுத்தான் வாரேன்." காகிதத்தை நீட்டினாள் கலைமதி. "உதடு நீலமானப்பவும் தொண்ணூத்தொம்பது. பதினொன்னே காலுக்கு ஆம்புலன்ஸ் கெளம்பிருச்சு... பதினொன்னு இருவதுக்கும் தொண்ணூத்தொம்பது! புள்ளையே இல்லாத ரூம்ல யாரு சார் மூச்சு விட்டா?"

கோபிநாத் செவந்தியை முறைத்தார்.

செவந்தி உடைந்தாள்.

"புள்ள கைய ஒதறிக்கிட்டே இருந்துச்சும்மா... அலாரம் விடாமக் கத்துச்சு. தொந்தரவா இருக்குன்னு டாக்டர்தான் என் விரல்ல மாட்டிக்கச் சொன்னாரு! புள்ளைக்கு மூச்சு கொறைஞ்சது யாருக்குமே தெரியல... பதட்டத்துல நான் கழட்டக்கூட இல்ல..."

ஐ.சி.யூ. கதவு திறந்தது.

"ஏஞ்சலோட அம்மா யாருங்க? பாப்பா கண்ணு முழிச்சிருச்சு. பசிக்குதுன்னு ஒரே அழுகை!"

மறுபடி போன். சார்லஸ்!

ஃபெமினா அதைத் துண்டித்தாள். தனியாகவே உள்ளே ஓடினாள்.

கலைமதி பேனாவைத் திறந்தாள்.

"வாயத் தொறங்க டாக்டர்... நாங்க மயக்க மருந்தெல்லாம் குடுக்கிறதில்ல!"