சிறு திருத்தம்

மாலை வகுப்பு, பழைய மீன் ஏலக் கொட்டகையில் நடைபெற்று வந்தது. கற்போர் அனைவரும் ஐம்பதைக் கடந்தவர்கள். நங்கூரத் தெருவினர் இடப்பக்கப் பலகைகளிலும், கயிற்றுத் தெருவினர் வலப்பக்கப் பலகைகளிலும் அமர்வது வழக்கம். சூசைமிக்கேலும் இஞ்ஞாசியும் மட்டும், கண்பார்வை மங்கியவர்கள் என்பதால், முன்வரிசையில் அருகருகே அமர்த்தப்பட்டிருந்தார்கள்.

"தலைப்புக்கு ரெண்டு பக்கமும் சமக்குறி போடணும்," என்றாள் ஆசிரியை பெனடிக்டா. "ஒரு தலைப்புக்குக் கீழ என்னெல்லாம் இருக்கோ, அடுத்த தலைப்பு வர்ற வரைக்கும் அதெல்லாம் அந்தத் தலைப்போட சொத்து. புரியுதா?"

"சுமை தூக்குற வின்ச்சு ஓட்டுனவருக்கு மேல, கீழன்னு சொன்னா நல்லாவே புரியும் டீச்சர்," என்றார் இஞ்ஞாசி, சூசைமிக்கேலைக் காட்டி. "பக்கவாட்டுலதான் அவருக்குச் சீக்கு."

"கயிறு திரிச்ச பயலுக்கு வாயும் திரிஞ்சு கிடக்கு. பாடத்தைப் பாருலே," என்றார் சூசைமிக்கேல்.

இரு பக்கத்தாரும் சிரித்தார்கள். அவர்கள் சேர்ந்து சிரிக்கும் இடம் ஊரில் அது ஒன்றுதான். பெனடிக்டா கயிற்றுத் தெருவைச் சேர்ந்தவள். இஞ்ஞாசி அவளுடைய சித்தப்பா. எனினும் கற்பிப்பதில் அவள் தெரு பார்த்ததில்லை.

கடல் ஊருக்குள் புகுந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. எஞ்சிய நிலத்தைக் காத்து நிற்பது அலைச்சுவர். அலை நாள்தோறும் அதைத் தின்றது. ஆகவே நாள்தோறும் அதற்குக் கல் வேண்டியிருந்தது. மலைகள் தொலைவில் இருந்தன, வீடுகள் அருகில் இருந்தன. எந்த வீடுகளை உடைப்பது என்பதை எந்த அதிகாரியும் தீர்மானிக்கவில்லை. தெருக்களின் திருத்துநர்கள் இணையத்தில் எழுதித் திருத்தும் ஊர் விக்கி தீர்மானித்தது. அதில் 'கல் எடுக்கும் இடங்கள்' என்று ஒரு தலைப்பு உண்டு; தெருக்களின் பட்டியலில் அது எத்தெருவுக்கு மேலே நிற்கிறதோ, அத்தெருவிலிருந்தே அன்றைய உடைப்பு தொடங்கும். மாலைச் சங்கு ஊதியதும் கல்லெடுப்பான் என்னும் பெரும்பொறி அப்பக்கத்தைப் படிக்கும். ஒவ்வொரு வீட்டையும் உடைப்பதற்கு முன்பாக மீண்டும் ஒருமுறை படிக்கும். வீட்டினுள் ஆள் இருக்கிறாரா என்பது பக்கத்தில் எழுதப்படுவதில்லை. ஆதலால் அது பொறிக்குத் தெரியாது.

தலைப்பின் கீழ் எதுவும் இல்லாமல் பக்கத்தைச் சேமிக்க இயலாது. ஒரு தெரு தப்ப வேண்டுமாயின் இன்னொரு தெரு அகப்பட வேண்டும். தலைப்பு இடம்பெயர்ந்த உடனே, அத்தெருவைக் கவனித்து வருவோர் எல்லாருடைய கைபேசியும் அலறும். மக்கள் பிள்ளைகளையும் பாத்திரங்களையும் தூக்கிக்கொண்டு வெளியேறுவார்கள். பிறகு அத்தெருவின் திருத்துநர் ஒருவர் தலைப்பைத் திருப்பித் தள்ளுவார். ஒருவர் ஒரு நாளில் மூன்று முறைக்கு மேல் அதைத் தொடக்கூடாது என்பது விதி. எனவே ஒரு தெருவின் பலம் அதன் திருத்துநர்களின் எண்ணிக்கைதான். முதியவர்கள் இந்த வகுப்புக்கு வந்த காரணமும் அதுவே.

"இன்னைக்குக் கடைசிப் பாடம்," என்றாள் பெனடிக்டா. "சேமிக்கிற பொத்தானுக்கு மேல ஒரு சின்னக் கட்டம் இருக்கும். 'இது ஒரு சிறு திருத்தம்'னு போட்டிருக்கும். பொருள் மாறாம, எழுத்து மாறாம, ஒரு வரியை லேசா நகத்துனா, இடைவெளியச் சரி பண்ணுனா, அந்தக் கட்டத்துல குறி போடணும். அப்படிப் போட்டா யார் கைபேசியும் அடிக்காது. வீணா ஊரைப் பதற வைக்க வேண்டாம்லா?"

"தலைப்பை நகத்தும்போதும் போடலாமா டீச்சர்?" என்று சூசைமிக்கேல் கேட்டார்.

எல்லாத் தலைகளும் அவர் பக்கம் திரும்பின. சண்டை தொடங்கிய இத்தனை ஆண்டுகளில் எந்தத் தெருவும் அக்கட்டத்தில் குறியிட்டதில்லை. அது எழுதப்படாத கட்டுப்பாடு. எதிர்த்தெருவின் கைபேசி மணியை அடிக்கவிட்டுத்தான் அடிப்பார்கள்.

"விக்கி தடுக்காது அண்ணாச்சி," என்றாள் அவள் மெதுவாக. "மனுசந்தான் தடுக்கணும்."

சூசைமிக்கேல் தேர்வில் வென்று திருத்துநர் ஆனார், இஞ்ஞாசியும் ஆனார். ஐம்பத்தாறாம் வயதில் எழுத்தறிந்தவர் சூசைமிக்கேல். தம் பெயரைத் திரையில் கண்டு தெருவெல்லாம் காட்டினார்.

அவ்வாரமே தலைப்பு நங்கூரத் தெருவின்மேல் ஏறியது. சங்கு ஊதுவதற்குள் தெருவின் பழைய திருத்துநர்கள் அனைவரும் தம் வாய்ப்புகளை இழந்திருந்தார்கள். சூசைமிக்கேல் தெருமுனையில் நின்று இருமுறை தலைப்பைத் தள்ளினார். இருமுறையும் அது உடனே திரும்பி வந்தது. யார் என்ன மாற்றினார் என்று காட்டும் வரலாற்றுப் பக்கத்தில் இஞ்ஞாசியின் பெயரும், அதன் அருகே காரணம் சொல்லும் இடத்தில் அவர் எழுதிய திருத்தச் சுருக்கமும் இருந்தன: "போய் வின்ச்சு ஓட்டும், அண்ணாச்சி."

கல்லெடுப்பான் தெருவினுள் நுழைந்தது. அதன் இரும்புக்கை முதல் வீட்டின் கூரையைப் பிய்த்து எறிந்தது. அடுத்த வீட்டின் சுவர் சரிந்தபோது, அதை ஒட்டி நின்ற சூசைமிக்கேலின் வீட்டு முகப்பும் அதனோடு உள்ளே விழுந்தது. புழுதிக்குள்ளிருந்து ஓர் அலறல் கேட்டது.

"தெக்லாளா? அவ வெளிய வரலையா?" என்று தம் மனைவியைத் தேடினார் சூசைமிக்கேல்.

"தையல் மிசினை எடுக்கப் போனாவ அண்ணாச்சி!" என்று கத்தினாள் பக்கத்து வீட்டுக்காரி.

அவர் ஓடினார். வாசல் உத்தரம் தெக்லாளின் தொடைகளின் குறுக்கே கிடந்தது. எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தது. நால்வர் சேர்ந்து தூக்கியும் உத்தரம் அசையவில்லை. பின்னால் கல்லெடுப்பான் பக்கத்து வீட்டின் கடைசிச் சுவரை அள்ளிக்கொண்டிருந்தது. அதற்கடுத்தது இந்த வீடு.

"ஏங்க, நீங்க போயிருங்க," என்றாள் தெக்லாள். அவள் பற்கள் கிட்டிப்போயிருந்தன. "போங்கங்கேன்லா!"

அவர் கைபேசியை எடுத்தார். ஒரு வாய்ப்பு மிச்சம் இருந்தது. மணி அடித்தால் இஞ்ஞாசி மறுகணமே திருப்பித் தள்ளுவார். சூசைமிக்கேல் நங்கூரத் தெருவுக்கு மேலிருந்த தலைப்பை வெட்டி, அதன் கீழே ஒட்டினார். சமக்குறிகளைச் சரிபார்த்தார். முன்தோற்றம் பார்த்தார், கற்றபடியே பார்த்தார். தலைப்பின் கீழ் இப்போது கயிற்றுத் தெரு இருந்தது, ஒவ்வொரு வீடும் வரிசையாக. எழுத்து ஒன்றும் மாறவில்லை. இரத்தம் பட்ட கட்டைவிரலால் சிறு கட்டத்தில் குறியிட்டுச் சேமித்தார்.

கல்லெடுப்பானின் கை, தெக்லாளின் தலைக்கு மேலே வந்து நின்றது. பக்கத்தைப் படித்தது. பிறகு மடங்கியது. பொறி திரும்பிச் சென்றது.

கயிற்றுத் தெருவில் சோறு பரிமாறிக்கொண்டிருந்தார்கள். அன்றைய சண்டையில் வென்றுவிட்டோம் என்ற நிம்மதியில் கதவுகளைச் சாத்தியிருந்தார்கள். எந்தக் கைபேசியும் அலறவில்லை. பொறி வரும் ஓசையை அவர்கள் அடுத்த தெருவின் ஓசை என்றே எண்ணியிருக்க வேண்டும். முதல் வீட்டில் இருந்தவர் எவரும் வாசலை அடையவில்லை. இரண்டாம் வீட்டிலிருந்து ஒரு பெண் சோற்றுக் கையோடு வெளியே ஓடிவந்தாள். சுவர் அவள்மேல் சாய்ந்தது. மூன்றாம் வீடு இஞ்ஞாசியுடையது. அவர் கைபேசியைத் திறந்து தலைப்பைக் கண்டிருக்கிறார். திருத்தும் பெட்டியையும் திறந்திருக்கிறார். கல்லோடு கல்லாக அவரும் அள்ளப்பட்டு அலைச்சுவர்மேல் கொட்டப்பட்டார். கற்களிலிருந்து உடலைப் பிரித்தெடுக்க இரண்டு அலைகள் அடிக்கும் வரைதான் நேரம் கிடைத்தது.

சூசைமிக்கேல் வகுப்புக்குச் சென்றார். செல்ல வேண்டாம் என்று தெருவே தடுத்தது. வலப்பக்கப் பலகைகள் காலியாக இருந்தன. பெனடிக்டா கறுப்புச் சேலையில் திரையின் முன் நின்றாள். வரலாற்றுப் பக்கம் திறந்திருந்தது.

"உங்க பேருக்குப் பக்கத்துல 'சி'ன்னு போட்டிருக்கு பாருங்க," என்றாள். "சிறு திருத்தம்."

"அவ உத்தரத்துக்கு அடியில கிடந்தா டீச்சர்."

"தெரியும்."

"மணி அடிச்சிருந்தா உங்க சித்தப்பா விட்டிருப்பாரா?"

"விட்டிருக்க மாட்டாரு. அவருக்குத் தெரியுமா, உங்க வீட்டுக்காரம்மா உள்ள கிடந்தது? ஒரு வரி எழுதியிருக்கலாம்லா. சுருக்கத்துல. 'உள்ள ஆள் இருக்கு'ன்னு." அவள் திரையில் சுருக்கத்துக்கான இடத்தைத் தொட்டுக் காட்டினாள். "அதுக்குத்தானே அந்த இடத்தை வெச்சிருக்கு."

சூசைமிக்கேல் திரையில் தம் பெயர் இருந்த வரியைப் பார்த்தார். திருத்தச் சுருக்கம் எழுதும் பெட்டியை அவர் வெறுமையாகவே விட்டிருந்தார்.

"பாடத்தைச் சரியாத்தான் படிச்சிருக்கிய," என்றாள் பெனடிக்டா. "இனிமே இந்த ஊர்ல ஒருத்தரும் மணி அடிக்க மாட்டாவ. நானும் அடிக்க மாட்டேன்." அவள் திரையை அணைத்தாள். "எனக்கும் இன்னைக்கு மூணு வாய்ப்பு இருக்கு, அண்ணாச்சி. வீட்டுக்குப் போங்க."

அன்று முதல் சூசைமிக்கேல் கைபேசியின் மணியை நம்புவதில்லை. சங்குக்கு முன்னால் கட்டிலின் ஓரத்தில் அமர்ந்து, ஊர்ப் பக்கத்தை முதல் வரியிலிருந்து வாய்விட்டுப் படிக்கிறார். ஊரில் எல்லா வீடுகளிலும் அவ்வேளையில் எவரேனும் ஒருவர் அவ்வாறு படித்துக்கொண்டிருப்பது சன்னல்கள் வழியே கேட்கிறது. இரண்டு கால்களையும் இழந்த தெக்லாள் அவர் முகத்தையே பார்த்தபடி கிடக்கிறாள். கடைசி வரிக்கு வந்ததும் அவர் மீண்டும் முதல் வரிக்குச் செல்கிறார். ஏனெனில் கடைசி வரியைப் படிக்கும் நேரத்தில் யாரேனும் முதல் வரியை நகர்த்தியிருக்கக் கூடும்.